மணமில்லாத பச்சைத் தண்ணீர்

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்தில், என் அப்பா ஒரு நாயைக் கொன்றிருக்கக்கூடும் என்று முதன்முதலாக நினைத்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், அந்தக் கணத்தில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான். எதிரே பக்கத்து வீட்டு அக்கா நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மணியைப் பார்த்தேன்.

அவர் வாசல் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. வழக்கமாக அதைத் தானே திறந்துகொண்டு வந்து, காலை வியாபாரத்தில் மிஞ்சிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களைச் சமையலறை வரை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர். அன்று கம்பிகளைப் பிடித்தபடி வெளியே நின்றார். அவருடைய நாய் முந்தின நாள் மதியத்துக்குச் சற்று முன்னால் இறந்திருந்தது. மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வீட்டில் அவரும் அந்த நாயும்தான். அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறார், ஐந்து மணிக்கு வந்துவிடுவார் என்றேன்.

“நான் சண்ட போட வரல,” என்றார். “டாக்டரு விஷம்னு சொல்லிட்டாரு. கிட்னி ரெண்டும் போச்சாம். இந்த வரிசையில விஷம் யாரு வூட்ல இருக்கு? நீயே சொல்லு பாப்பா.”

யார் வீட்டில் இருக்கிறது என்பது ஈப்போ பக்கம் லகாட் ஊரை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியும்.

“திங்கக்கெழம ஸ்கூலுக்குப் போயி எச்.எம்.கிட்டச் சொல்லத்தான் போறேன். புள்ளைங்க ஓடியாடுற பீல்டுலா அது. நாய்க்கு வச்ச கை நாளைக்கு எங்க வைக்கும்னு யாருக்குத் தெரியும்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் நம்பினேன். கத்துபவர்கள் திங்கட்கிழமைக்குள் ஆறிப்போய்விடுவார்கள். அக்கா ஆறக்கூடியவராகத் தெரியவில்லை.

அப்பா அந்தப் பள்ளியில் ஒரு குத்தகைக்காரரிடம் புல் வெட்டுகிறார், வேலியோரம் களை மருந்து அடிக்கிறார். மருந்தைக் கையாளும் மனிதர் மீது அப்படி ஒரு புகார் வந்தால் தலைமையாசிரியர் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். குத்தகைக்காரரை அழைப்பார், மறுநாள் வேறொருவர் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். ஐம்பத்தாறு வயதில் அப்பாவுக்கு இன்னொரு வேலை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. நாய்க்கு விஷம் வைத்து வேலை போனவர் என்ற பேச்சோடு அவர் இதே வரிசையில் குடியிருக்க வேண்டும்.

அக்காவின் சந்தேகம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன். நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிவேன். அந்த நாய் அப்பா வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸான தண்ணிச் சப்பாத்துகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் குதிங்காலைக் கடித்துத் தின்றுவிட்டது. மிஞ்சிய பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பா அக்காவின் நாசி லெமாக் கடைக்குப் போயிருக்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பார்க்க, இன்னொரு சப்பாத்து போனால் மருந்து வைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்து, நாய்க்கு முதலில் உப்பு போட்டுக் கொடுங்கள், சப்பாத்து சப்பென்று இருந்ததாம் என்றாராம். சிரித்து முடித்த ஒரு வாசகம் ஆறு நாளில் சாட்சியாக மாறும் என்று அங்கே இருந்த எவரும் நினைத்திருக்க முடியாது.

என் சந்தேகத்துக்குக் காரணம் வேறு. நான் வீடு வந்த மறுநாள், புதன்கிழமை காலை, அந்த நாய் எங்கள் வாசலைக் கடந்து போனபோது அதன் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அப்பா அதைப் பார்த்து, “ராத்திரி கள்ளுக்கடைக்குப் போய்ட்டு வந்துருக்குலா,” என்றார். அப்போது நானும் சிரித்தேன். சனிக்கிழமை அந்தச் சிரிப்பை மறுபடியும் கேட்டுப் பார்த்தேன். தெரியாதவரின் சிரிப்பா, தெரிந்தவரின் சிரிப்பா? இலக்கியம் படிக்கிறவளுக்கு இது ஒரு நோய். ஒரு வாக்கியம் கையில் கிடைத்தால் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கும் என்றே தேடுவாள்.

எங்கள் வீட்டை அன்று மாலைதான் நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். அம்மா ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை செய்கிறார். அங்கே மிஞ்சும் திரவங்களை மினரல் பாட்டல்களில் ஊற்றிக் கொண்டுவருவார். கழுவுதொட்டிக்கு அடியில் அவை வரிசையாக நின்றன: சிவப்பு ரப்பர் பேண்ட் ஒன்று சுற்றியது கழிவறைக்கு, இரண்டு சுற்றியது துணி வெளுக்க, ஒன்றும் சுற்றாதது தரைக்கு. எதிலும் எழுத்து கிடையாது. அவற்றுக்கு ஒரு சாண் தள்ளி நாங்கள் குடிக்கும் தண்ணீர் அதே வகைப் பாட்டல்களில் இருந்தது. இருபத்திரண்டு வயது வரை இந்த வீட்டில் தவறான பாட்டலை எடுக்காமல் இருந்திருக்கிறேன் என்பது எனக்கு ஆறுதல் தரவில்லை.

அப்பாவின் மருந்து அங்கே இல்லை. அது பின்கட்டு ஸ்டோரில், சுவரின் உச்சியில் அடித்த பலகை மேல், பூட்டிய பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. ரப்பர்த் தோட்டத்தில் அவர் மருந்து அடிக்கும் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். தோட்டம் விற்கப்பட்டு நாங்கள் வெளியேறியபோது எனக்கு மூன்று வயது. வெளியேறியவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஆளுக்கொரு பாட்டல் களைக்கொல்லியும் எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த மருந்தை விற்கக்கூடாது என்று பிறகு அரசாங்கம் தடை செய்தது. லாலாங் புல்லை வேறெதுவும் வேரோடு சாய்க்காது என்ற நம்பிக்கையில் அப்பா வைத்திருந்தார். ஆனால் ஒருநாளும் எடுத்து அடித்து நான் பார்த்ததில்லை.

ஐந்து மணிக்கு வந்தார். மோட்டார்சைக்கிள் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனார். பிஸ்கட் டின்னின் சாவியும் அந்தக் கொத்தில்தான் இருக்கிறது.

நாற்காலி போட்டு ஏறி டின்னை இறக்கினேன். மூடியைத் திறந்ததும் மூக்கைத் திருகும் வாடை வந்தது. பாட்டல் இருந்தது, பாதி அளவு. முன்பு எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாததால் அந்தப் பாதி எதையும் நிரூபிக்கவில்லை. நிரூபித்தது தூசி. டின்னின் அடியில் படிந்திருந்த தூசிக்கு நடுவே ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. பாட்டல் அந்த வட்டத்தின் மேல் இல்லை. இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. யாரோ அண்மையில் எடுத்திருக்கிறார்கள். எடுத்துவிட்டு அவசரத்தில் வைத்திருக்கிறார்கள்.

அப்பா தேநீர் குடிக்க உட்கார்ந்ததும் அக்கா வந்துபோனதைச் சொல்வதற்கு முன்பே, அந்த டின்னைக் கடைசியாக எப்போது திறந்தார் என்று கேட்டேன். எதற்கு என்றார். சும்மா என்றேன்.

“சும்மா கேக்குற ஆளா நீ,” என்று கோப்பையைப் பார்த்தபடியே சொன்னார். “தொறந்து வருஷக்கணக்காச்சு.”

அது பொய். தூசி அப்படிச் சொல்லவில்லை. அப்பா என்னிடம் பொய் சொல்லி நான் கண்டுபிடித்தது அதுவே முதல் முறை. அக்கா வந்ததையும் திங்கட்கிழமை பள்ளிக்குப் போகப்போவதையும் பிறகு சொன்னேன். அவர் கோப்பையை மெதுவாகத் தட்டில் வைத்தார். நான் வைக்கவில்லை என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். சொல்லவில்லை. அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். எங்கள் மூவருக்கும் இடையில் ஒரு பெயர் தெரியாத நான்காமவர் உட்கார்ந்து தேநீர் குடிப்பது போல இருந்தது.

ஆறரைக்கு அக்கா மறுபடியும் வந்தார். இம்முறை கையில் நான்காக மடித்த ஒரு தாள். நாய்க்குக் கொடுத்த மருந்துப் பையின் அடியில் கிடந்ததாம். ஈப்போவில் அந்த மிருக வைத்தியர் எழுதியது, ஆங்கிலத்தில். அக்காவுக்கு மலாய் வாசிக்கத் தெரியும். ஆங்கிலத்தில் வரும் கடிதங்களை என்னிடம் கொண்டுவருவார். அன்றும் அதற்குத்தான் வந்திருந்தார், என்னிடமே.

“விஷத்தோட பேரு இருக்கான்னு பாரு. எச்.எம்.கிட்டப் பேரு சொல்லிக் கேக்கணும். நீ பொய் சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும்.”

மூன்று வரிகள். முதல் வரி சிறுநீரகங்களைப் பற்றியது. மூன்றாவது, நம்பிக்கை குறைவு என்று உரிமையாளரிடம் தெரிவிக்கப்பட்டது என்பது. நடுவரியில் எத்திலீன் கிளைகால் என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார் வைத்தியர். எனக்கு அந்தச் சொல் புதிது. அப்பாவின் பாட்டலில் இருந்த பெயர் அதுவல்ல என்பது மட்டும் தெரிந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அதை எழுத்தெழுத்தாக வாசித்திருந்தேன். இந்தப் பெயர் என்னவென்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தாளை நாளைக்குக் கொடு என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, கைப்பேசியை எடுத்து, தாள் என் கையில் இருக்கும்படியே படம் பிடித்துக்கொண்டார். நான் பொய் சொல்ல மாட்டேன் என்ற நம்பிக்கைக்கும் ஒரு நகல் தேவைப்பட்டது.

கைப்பேசியில் தேடி அந்தச் சொல்லின் பொருளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. காரின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இருப்பது. வாடை ஏறக்குறைய இல்லை. இனிப்பாக இருக்கும், அதனால் நாயும் பூனையும் விரும்பிக் குடிக்கும். குடித்த சில மணி நேரத்தில் போதை ஏறியதுபோல் தள்ளாடும். பிறகு தேறியதுபோல் தோன்றும். தேறவில்லை, உள்ளே சிறுநீரகங்கள் நின்றுகொண்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமையை இங்கே சொல்ல வேண்டும். அன்று அப்பா என்னைத் தஞ்சோங் மாலிமிலிருந்து அழைத்துவந்தார். சிலிம் ரிவர் ஊரைத் தாண்டியதும் எங்கள் பழைய காரின் சூட்டைக் காட்டும் முள் மேலேறியது. ஓரம் கட்டி, ஆறவைத்து, குடிதண்ணீரை ஊற்றி ஊற்றி வீடு வந்து சேர்ந்தோம். வரும் வழியில் புதிய கூலன்ட் ஒரு டப்பா வாங்கினோம். மாலையில் அப்பா ரேடியேட்டரைத் திறந்து பழையதை ஒரு நீல பேசினில் இறக்கினார். பச்சைத் தண்ணீர், மேலே துருவின் மெல்லிய படலம். லோங்காங்கில் ஊற்றிவிடு என்றார். புது டப்பாவின் பின்பக்கத்தை வாசித்த நான் சாக்கடையில் ஊற்றக்கூடாது என்று மறுத்தேன். எங்கள் பின்பக்கத்து லோங்காங் ஓரத்தில் கங்குங் கீரை தானாக முளைக்கிறது. பலர் பறித்துப் போகிறார்கள். கார்ப் பட்டறையில் கேட்டுவிட்டு எடுத்துப்போகலாம், அதுவரை இருக்கட்டும் என்றேன். நானே அந்த பேசினை இரண்டு கைகளாலும் தூக்கிப்போய்ப் பின்கதவுக்கு வெளியே, குழாயடியில் வைத்தேன். சரியானதைச் செய்தவளின் திருப்தியோடு உள்ளே வந்து, ஆய்வேட்டுக்கான நூல்களை மேசையில் அடுக்கினேன். மூட வேண்டும் என்று தோன்றவில்லை. பட்டறைக்கும் போகவில்லை. டப்பாவில் சாக்கடையைப் பற்றிய வரியை வாசித்தவள், அதற்கு அடுத்த வரியை வாசிக்கவில்லை. பிள்ளைகளுக்கும் பிராணிகளுக்கும் எட்டாமல் மூடி வைக்கவும் என்பது அந்த அடுத்த வரி.

பின்கதவைத் திறந்தேன். பேசின் வைத்த இடத்திலேயே இருந்தது. உட்புறத்தில், பழைய மட்டத்தைக் காட்டும் துருக்கோட்டுக்கு மூன்று விரல் கீழே பச்சைத் தண்ணீர் நின்றது. அந்த வாரம் மழை இல்லை. ஆனால் அவ்வளவையும் வெயில் குடித்திருக்காது. ஈர மண்ணில் ஒரு நாயின் காலடித் தடங்கள் குழாயடி வரை வந்து திரும்பியிருந்தன.

இரண்டு மணி நேரமாக ஒரு மனிதரைக் குற்றவாளியாக்கச் சான்று தேடிக்கொண்டிருந்தேன். நாற்காலியில் ஏறிப் பலகையைத் தொட்ட நான், கதவுக்கு அந்தப் பக்கம் தரையைப் பார்க்கவில்லை.

அப்பாவையும் அம்மாவையும் அழைத்துத் தாளையும் பேசினையும் காட்டி விளக்கினேன். அப்பா நம்பவில்லை. குனிந்து மோந்து பார்த்தார்.

“மணமே இல்ல. வெறும் கலர் தண்ணி. இதா கொன்னுச்சு?”

அவர் கேட்டது தப்பிக்க அல்ல. தோட்டத்தில் அவர் ஆட்களுக்கு டின்களில் இருந்த எழுத்து வாசிக்க வராது. காலையில் மண்டோர் மூடியைத் திறந்து, எட்ட நின்று மோந்து பழகிக்கொள்ளச் சொல்வாராம். எந்த வாடை எவ்வளவு ஆபத்து என்பது மூக்குக்குத் தெரிய வேண்டும். களைக்கொல்லியில் வாந்தி வருமளவுக்கு வாடை சேர்த்திருந்ததே அதற்குத்தான் என்பார். அந்தப் பாடத்தில் தேறியவர்தான் நாற்றமடிப்பதைப் பூட்டி உச்சியில் வைத்தார். நாறாததைக் குழாயடியில் வைக்க மகளை அனுமதித்தார். அம்மா தரை கழுவும் பாட்டலுக்கு ரப்பர் பேண்ட் போடாததும் அதே கணக்கில்தான்: அது நல்ல வாசம்.

“முன்ன லாரி ஓட்டுறவங்க இத நாக்குல வச்சுப் பாத்துத்தான் ரேடியேட்டர் ஒழுகுதான்னு சொல்வாங்க. தித்திப்பா இருக்கும்,” என்று அப்பா விரலை நீட்டினார். அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். நாங்கள் ஒருவரையொருவர் தொட்டுப் பேசுகிறவர்கள் அல்ல. விரல் நின்றது. தித்திப்பு என்ற சொல்லை அவரே சொல்லிவிட்டதும் அவர் முகத்தில் ஏதோ மாறியது. நாயின் பக்கமிருந்து அதைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு அவர் கேட்டார்: “டின்னத் தொறந்தியா?”

“தொறந்தேன்.”

“நாற்காலி கால் தடம் தரையில இருந்துச்சு. நானும் தொறந்தேன், வியாழக்கெழம. நாய்க்கு முடியலன்னதும் போயி கொறஞ்சிருக்கான்னு பாத்தேன்.”

“யாரு எடுத்திருப்பாங்கன்னு நெனச்சீங்க?”

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

“என்னையா?” என்றார் அம்மா. “நல்லா இருக்குலா. நான் ஒங்களத்தான் நெனச்சேன். மூணு நாளா சோத்தப் போட்டுக்கிட்டே நெனச்சேன்.”

சிரிப்பு வரவேண்டிய இடம் அது. யாருக்கும் வரவில்லை. வருஷக்கணக்காச்சு என்று அவர் சொன்ன பொய் அம்மாவைக் காப்பாற்றச் சொன்னது. அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியவில்லை. அந்தச் சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. வேலையில் இறங்கினேன்.

அம்மாவின் கையுறைகளை மாட்டிக்கொண்டு, புதிய கூலன்ட் வந்த டப்பாவைக் கொண்டுவந்தேன். ரேடியேட்டருக்குப் போக அதில் கொஞ்சம் மீதமிருந்தது. அப்பா அதை மினரல் பாட்டலில் ஊற்றிவைக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். புனல் வைத்துப் பழையதையும் அதே டப்பாவில் ஊற்றினோம். அப்பா புனலைப் பிடித்தார். அது எதற்கான டப்பா என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறது. அந்த எழுத்துதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. மூடியை இறுக்கி, பழையது, குடித்தால் உயிர் போகும் என்று தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டினேன். சிந்திய இடத்தில் மண்ணைப் போட்டு உறிஞ்சவைத்து, அந்த மண்ணையும் அள்ளிப் பையில் கட்டினேன். லகாட் சாலையில் உள்ள பட்டறைக்குத் தொலைபேசியில் கேட்டேன். எண்ணெயோடு கலக்காமல், மூடிய டப்பாவில் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வதாகவும், ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி முதல் மதியம் வரை திறந்திருப்பதாகவும் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அம்மாவின் மினரல் பாட்டல்களையும் அன்றே வெளியே எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. கழிவறைக்கானதும் வெளுப்பதற்கானதும் கலந்தால் விஷவாயு வரும், ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்று சொன்னபோது மட்டும், இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்றார். சொல்லிவிட்டு அவரே பின்கதவைப் பார்த்தார்.

அக்காவிடம் என்ன சொல்வது என்பதில்தான் பிணக்கு வந்தது. அம்மாவுக்கு ஒரு தெளிவு இருந்தது. அக்காவால் எதையும் நிரூபிக்க முடியாது. தாளில் இருக்கும் பெயர் அவருக்குப் புரியாது. தெரியவில்லை என்று நான் திருப்பிக் கொடுத்துவிடலாம். “உங்கப்பா வச்சாருன்னு சொல்றத நீ வச்சன்னு மாத்துறதுல என்னா இருக்கு? வூடு ஒண்ணுதானே,” என்றார். அப்பாவும் அந்தப் பக்கமே சாய்ந்தார். என்னைத்தான் சொல்கிறார்கள், அது என்னோடேயே போகட்டும், நீ படிக்கிற பிள்ளை என்றார்.

“ஸ்கூல் வேல போயிரும்ப்பா.”

அப்பா எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். ஒலி வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அம்மா சொன்னதை எடைபோட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கேள்விக்குறி போட்ட ஒரு சொல். உறுதியில்லை என்று வைத்தியரே ஒப்புக்கொண்டது. காலடித் தடங்கள் வேறு நாயுடையதாகவும் இருக்கலாம். இப்படிக் காரணங்களைக் கோத்துக்கொண்டே போனபோது, அப்பாவுக்கு எதிராக அரைகுறைச் சான்றை முழுதாக எடுத்துக்கொண்டவள், எனக்கு எதிரான முழுச் சான்றில் ஓட்டை தேடுவதைக் கவனித்தேன். அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டப்பாவை ஒரு வாளிக்குள் நிறுத்தி, தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெருமுனையில் இருக்கும் அக்காவின் கடைக்குப் போனேன். வீட்டு வாசலில் தனியாகச் சொல்லியிருக்கலாம். அப்பா மருந்து வைப்பேன் என்று சொன்னது அந்தக் கடையில், கேட்டவர்கள் அங்கே வருகிறவர்கள். ஆகவே அங்கேதான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். ஆறு பேர் நின்றிருந்தார்கள். என் முறை வரும்வரை வரிசையில் நின்றேன்.

“அக்கா, நாய் குடிச்சது மருந்து இல்ல. கார்ல ஊத்துற கூலன்ட். செவ்வாக்கெழம நான்தான் பின்னால தொறந்து வச்சேன். அப்பா இல்ல.”

காரச் சம்பல் அள்ளிய கரண்டி வாழையிலைக்கு மேலே நின்றது. அக்கா என்னைப் பார்த்தார்.

“உங்கப்பா சொல்லச் சொன்னாரா?”

“இல்லக்கா. சொல்ல வேணாம்னாரு.”

அவர் நம்பவில்லை. எனக்குப் பின்னால் ஒருவர், பிள்ளையை அனுப்பிவிட்டார் பார் என்று தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. தாளை எடுத்து விரித்தேன். டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தில் அச்சிட்ட அந்தப் பெயரின் கீழே விரலை வைத்தேன். பொருள் தெரிய வேண்டாம், எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள் என்றேன். அக்கா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். தாளில் ஓர் எழுத்து, டப்பாவில் ஓர் எழுத்து என்று உதடு அசைய வாசித்தார். பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார். வரிசையில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

“மூடி வச்சிருக்கலாம்லா,” என்றார்.

“ஆமாக்கா.”

தாளை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய கண்கள் நிரம்பியிருந்தன. ஆனால் கை அடுத்த பொட்டலத்துக்கான இலையை எடுத்துவிட்டது.

“ஸ்கூலுக்குப் போகல. உங்கப்பாகிட்ட நானே பேசிக்கிறேன். நீ கொஞ்ச நாளைக்கு இங்க வராத பாப்பா. உன்னப் பாத்தா எனக்கு ஆகல.”

சரி என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு லகாட் சாலை வரை நடந்தேன். பட்டறை திறக்க இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. தெருநாய்கள் படுத்திருந்த நிழலுக்குப் போகாமல், இறக்கியிருந்த இரும்புக் கதவின் முன்னால் வெயிலிலேயே நின்றேன். ஒன்பது மணிக்குப் பட்டறைக்காரர் வந்து டப்பாவை வாங்கி, உள்ளே இருந்த பீப்பாயைத் திறந்து ஊற்றி, மூடியைத் திருகி இறுக்கும் வரை வாளியைக் கீழே வைக்கவில்லை.